சி மொழி பழகுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சி மொழியைப் புதிதாகப் பழகுபவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி வருகிறேன். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அடிக்கடி வருபவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டிக்கொள்ளுங்கள். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

கம்பைல் செய்வது என்றால் என்ன? ரன் செய்வதும் அதுவும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு. நீங்கள் எழுதுவது வெறும் உரைக் கோப்பு. பிராசசருக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது; அதற்குத் தெரிந்தது எண்களாக இருக்கும் இயந்திரக் கட்டளைகள் மட்டும். உங்கள் கோப்பு முழுவதையும் படித்து, அந்தக் கட்டளைகளாக மாற்றி, தனிக் கோப்பாக எழுதிவைப்பதுதான் கம்பைல். அந்தப் புதிய கோப்பை இயக்குவது ரன். அதனால்தான், நிரலைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யாமல் ஓட்டினால் பழைய விடையே வருகிறது.

உள்ளே நான்கு படிகள் நடக்கின்றன. முதலில் பிரீபிராசசர், # என்று தொடங்கும் வரிகளைக் கவனிக்கிறது. அடுத்து கம்பைலர், சி நிரலை அசெம்பிளி மொழிக்கு (இயந்திரக் கட்டளைகளைச் சொற்களால் எழுதும் முறை) மாற்றுகிறது. அசெம்ப்ளர் அதை இயந்திரக் கட்டளைகளாக்கி, இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. கடைசியில் லிங்கர் வந்து, உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் நீங்கள் அழைத்த லைப்ரரி ஃபங்ஷன்களையும் (ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்ட வேலைத்துண்டுகள்) இணைத்து ஓடக்கூடிய கோப்பைத் தருகிறது. ஒரே கட்டளையில் நான்கும் முடிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒரு எரர் எந்தப் படியில் வந்தது என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்படி உருவான கோப்பு ஒரு குறிப்பிட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் பிராசசருக்கும் உரியது. விண்டோஸில் உருவாக்கியதை லினக்ஸுக்குக் கொண்டுபோய் அப்படியே ஓட்ட முடியாது. நிரலை அங்கே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

பைத்தான் இருக்கும்போது இந்தப் பழைய மொழி எதற்கு?

பழையதுதான். 1972 வாக்கில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது; 1973-ல் யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியையே (கெர்னல்) இதில் திருப்பி எழுதினார்கள். ஆனால் ஓய்ந்துபோன மொழி இல்லை. லினக்ஸ் கெர்னலின் பெரும்பகுதி சி. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட், தரவுத்தளமான எஸ்க்யூலைட் இரண்டும் சி. நாம் வழக்கமாக இன்ஸ்டால் செய்யும் பைத்தானே சி-யில் எழுதப்பட்டதுதான்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது இணையதளம் அமைப்பதோ தரவுகளை அலசுவதோ என்றால் பைத்தானில் தொடங்குங்கள், தவறே இல்லை. ஒரு வேரியபிள் மெமரியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எத்தனை பைட் பிடிக்கிறது, யார் அதை விடுவிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆவல் இருப்பவர்களுக்குச் சி. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இலக்கணக் கேள்வி போலத் தோன்றினாலும் அடியில் மெமரிக் கேள்விகள்தான்.

எதை இன்ஸ்டால் செய்வது? டர்போ சி போதுமா?

வேண்டாம். டர்போ சி, டாஸ் என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் காலத்துக்காக 1987-ல் வந்த கம்பைலர். இன்றைய கணினியில் அதை ஓட்டவே தனியாக ஒரு எமுலேட்டர் வேண்டியிருக்கிறது. அதில் பழகிய சில வழக்கங்கள் (திரையைத் துடைக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆர், வாய்ட் மெயின்) வேறெங்கும் செல்லாது.

ஜிசிசி அல்லது கிளாங், இந்த இரண்டு கம்பைலர்களில் ஒன்று போதும், இரண்டும் இலவசம். லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் வழியாக ஜிசிசி கிடைக்கும். மேக்கில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் கருவிகளை நிறுவினால் கிளாங் வந்துவிடும். விண்டோஸில் மிங்டபிள்யூ-டபிள்யூ64 வழியாக ஜிசிசியை நிறுவலாம், அல்லது விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் கம்பைலரைப் பயன்படுத்தலாம்.

விஎஸ் கோடு மட்டும் நிறுவிவிட்டு "ரன் ஆகவில்லை" என்று கேட்பவர்கள் ஏராளம். அது எடிட்டர். கம்பைலரைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

ஹலோ வேர்ல்டில் முதல் வரி, மெயின், ரிட்டர்ன் 0 இதெல்லாம் எதற்கு? சும்மா மனப்பாடம் செய்யவா?

மனப்பாடம் வேண்டாம். திரையில் ஒரு வாழ்த்தை அச்சிடும் அந்த வழக்கமான முதல் நிரலில், # இன்க்ளூட் என்று தொடங்கும் முதல் வரி எஸ்டிடிஐஓ என்ற ஹெடர் கோப்பின் உரையை உங்கள் நிரலுக்குள் கொண்டுவருகிறது. இது பிரீபிராசசரின் வேலை. அந்தக் கோப்பில், திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப் ஃபங்ஷனின் அறிவிப்பு இருக்கிறது. அதாவது "இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு, இன்ன வகை மதிப்புகளை வாங்கும்" என்ற தகவல் மட்டும். வேலை செய்யும் கட்டளைகள் லைப்ரரியில் உள்ளன, அவற்றைச் சேர்ப்பது லிங்கர். ஹெடரும் லைப்ரரியும் வேறு வேறு என்பதை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் மிகவும் உதவும்.

மெயின் என்பது உங்கள் நிரல் ஓடத் தொடங்கும் இடம். அது திருப்பித் தரும் எண் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் போகிறது. 0 என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பொருள். எண்ணைத் திருப்பித் தருவதால்தான் இன்ட் மெயின் என்று எழுதுகிறோம்.

ஒரு செமிகோலன் விட்டேன், பத்து எரர் காட்டுகிறது. எங்கே ஆரம்பிப்பது?

முதல் எரரில். அதை மட்டும் திருத்துங்கள், மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஓர் இடத்தில் வாக்கியம் குழம்பியதும் கம்பைலர் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறது. மீதி ஒன்பது பெரும்பாலும் அந்தக் குழப்பத்தின் விளைவு. கடைசி எரரிலிருந்து மேலே போகிறவர்கள் சரியாக இருக்கும் வரிகளைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அது காட்டும் வரி எண்ணையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 7-ஆவது வரியில் செமிகோலன் இல்லையென்றால், 8-ஆவது வரியின் முதல் சொல்லைப் படிக்கும்போதுதான் கம்பைலருக்கு ஏதோ இடறுகிறது. சில கம்பைலர்கள் அந்த 8-ஐத்தான் காட்டும். ஆகவே காட்டிய வரி சரியாக இருந்தால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள். "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று வந்தால் அது லிங்கரின் புகார்: அறிவிப்பு கிடைத்தது, ஃபங்ஷன் கிடைக்கவில்லை. லினக்ஸில் வர்க்கமூலம் காணும் எஸ்க்யூஆர்டி-யைப் பயன்படுத்தும்போது ஹெடரைச் சேர்த்தும் இந்தச் செய்தி வருவதுண்டு. கட்டளையின் கடைசியில் கணித லைப்ரரியை இணைக்கச் சொல்லும் விருப்பத்தை (கழித்தல் குறி, எல், எம்) சேர்த்தால் சரியாகிவிடும்.

அப்புறம் வார்னிங். "எரர் இல்லை, வார்னிங் மட்டும்தான்" என்று தாண்டிப் போவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. ஜிசிசியிலும் கிளாங்கிலும் கழித்தல் குறியை ஒட்டி டபிள்யூ, ஏ, எல், எல் (டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து) என்று சேர்த்தால் முக்கியமான வார்னிங்குகள் எல்லாம் வெளியே வரும். முதல் நாளிலிருந்தே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்னிங் ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் ஆனால்தான் ஓட்டுவேன் என்று வைத்துக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பல உங்களுக்கு எழவே எழாது.

புத்தகத்தில் இன்ட் 2 பைட் என்று இருக்கிறது. எனக்கு 4 காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரி. சி தரநிலை (மொழியின் விதிகளைச் சொல்லும் ஆவணம்), முழு எண் வகையான இன்ட் குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது; மீதி கம்பைலரின் விருப்பம். டர்போ சி-யில் 2 பைட். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 4 பைட், அதாவது -2147483648 முதல் 2147483647 வரை. லாங் இன்னும் குழப்பம்: 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. சந்தேகம் வந்தால், அளவை பைட்டில் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

5 / 2 என்று போட்டால் 2 வருகிறது. அந்த .5 எங்கே போனது?

இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண்தான். பின்னப் பகுதி வெட்டப்படும், முழுமையாக்கப்படுவதில்லை. -7 / 2 போட்டால் -3.

விடையை டபுள் (பின்னம் உள்ள எண்) வேரியபிளில் வாங்கினாலும் பயன் இல்லை. வகுத்தல் முதலில் முடிந்து 2 ஆகிவிடுகிறது, அந்த 2 தான் 2.0 ஆகச் சேமிக்கப்படுகிறது. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் பயிற்சியில் இது எல்லோரையும் பிடிக்கும். 9 / 5 * வெப்பம் + 32 என்று எழுதினால் 9 / 5 என்பது 1 ஆகிவிடும். 100 டிகிரிக்கு 212 வருவதற்குப் பதிலாக 132 வரும். ஒரு பக்கத்தை 9.0 என்று எழுதினால் போதும்.

இஃப் கண்டிஷன் எப்போதும் உண்மை என்றே போகிறதே?

= போட்ட இடத்தில் == வேண்டும். ஒற்றைக் குறி மதிப்பைப் போட்டு வைக்கும், இரட்டைக் குறி ஒப்பிடும். ஒற்றைக் குறியால் 5-ஐப் போட்டு வைத்தால் அந்தக் கோவையின் மதிப்பே 5. சி-யில் பூஜ்யம் அல்லாத எதுவும் உண்மை. அது சரியாக இருந்தால், இஃப் அடைப்புக்குறியை மூடியதும் ஒரு செமிகோலன் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன வார்னிங் விருப்பம் முதல் தவறைத் தானாகவே காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேன்எஃப்-ல் & எதற்கு? பெயரை வாங்கும்போது மட்டும் ஏன் அது வேண்டாம்?

சி-யில் ஒரு ஃபங்ஷனுக்கு வேரியபிளைக் கொடுத்தால் அதன் மதிப்பின் நகல்தான் போகும். பிரின்ட்எஃப்-க்கு அது போதும், அச்சிடத்தானே போகிறது. விசைப்பலகையில் தட்டுவதை வாங்கும் ஸ்கேன்எஃப் உங்கள் வேரியபிளையே மாற்ற வேண்டும். நகல் கையில் இருந்தால் அசலை எப்படி மாற்றுவது? எனவே அசல் மெமரியில் இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுக்கிறோம். & என்றால் "இதன் முகவரி". பெயரை வாங்கும் கேரக்டர் அரே (எழுத்துகளை அடுத்தடுத்து வைக்கும் வரிசை) விஷயத்தில், அரேயின் பெயரைக் கொடுத்தாலே அது முதல் உறுப்பின் முகவரியாக மாறிப் போய்ச் சேர்கிறது. ஆகவே தனியாக & வேண்டாம்.

ஸ்கேன்எஃப் ஒரு தடவை வாங்குகிறது, அடுத்த தடவை காத்திருக்காமல் தாண்டிப் போகிறது. ஏன்?

நீங்கள் 25 என்று தட்டி என்டர் அழுத்தும்போது மூன்று எழுத்துகள் உள்ளே போகின்றன: 2, 5, புதுவரிக் குறி. முழு எண்ணை வாங்கும் %டி இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதுவரியை அங்கேயே விட்டுவிடும். அடுத்து வரும், ஓர் எழுத்தை வாங்கும் %சி அந்தப் புதுவரியையே ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். %சி-க்கு முன்னால் மேற்கோளுக்குள் ஓர் இடைவெளி விட்டால், எழுத்தை எடுக்கும் முன் இதுபோன்ற வெற்றிடங்களைத் தாண்டிவிடும்.

இதற்கு எஃப்ஃபிளஷ் போட்டு உள்ளீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆலோசனை எங்கும் சுற்றுகிறது. உள்ளீட்டுக்கு அது என்ன செய்யும் என்று தரநிலை சொல்லவே இல்லை, நம்ப வேண்டாம். கொஞ்சம் பழகியதும் ஸ்கேன்எஃப்-ஐ விட்டுவிட்டு, எஃப்கெட்ஸ் கொண்டு ஒரு முழு வரியை வாங்கி, பிறகு அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்கும் முறைக்கு மாறிவிடுங்கள். அதன் அண்ணன் கெட்ஸ் பக்கமே போகாதீர்கள். எத்தனை எழுத்து வரலாம் என்று கேட்காமலே வாங்கும் ஃபங்ஷன் அது. 2011 தரநிலையில் அதை நீக்கியேவிட்டார்கள்.

அரேயில் 5 இடம்தான் கொடுத்தேன். 5 என்ற எண்ணில் எழுதினாலும் எரர் வரவில்லையே, அப்படியென்றால் சரிதானா?

சரி இல்லை. அரேயின் எண் என்பது தொடக்கத்திலிருந்து எத்தனை உறுப்பு தள்ளி என்ற கணக்கு. முதல் உறுப்பு 0 தள்ளி இருக்கிறது. எனவே 5 உறுப்புகளுக்கு 0 முதல் 4 வரை. 5 என்று போட்டால் அரே முடிந்த பிறகு இருக்கும் மெமரியில் எழுதுகிறீர்கள். அங்கே வேறொரு வேரியபிள் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

எல்லையைத் தாண்டுகிறீர்களா என்று ஓடும்போது சி சோதிப்பதில்லை. அந்தச் சோதனைக்கு ஆகும் நேரத்தை மிச்சப்படுத்திவிட்டு, எல்லையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உங்களிடம் விட்டிருக்கிறது. பழகும் காலத்தில் அந்தச் சோதனையை வாங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு: ஜிசிசி, கிளாங் இரண்டிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கிக் கம்பைல் செய்தால், எல்லை தாண்டிய அந்த வரியிலேயே நிரலை நிறுத்தி என்ன தவறு என்று சொல்லும்.

பாயின்டர் மட்டும் எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை.

நீங்கள் ஏற்கெனவே பாயின்டரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஸ்கேன்எஃப்-க்கு & போட்டுக் கொடுத்தீர்களே, அந்த முகவரியை ஒரு வேரியபிளில் போட்டு வைத்தால் அந்த வேரியபிள்தான் பாயின்டர். அவ்வளவே. மெமரி என்பது எண்ணிடப்பட்ட பைட்களின் நீண்ட வரிசை. ஒரு பைட்டின் எண் அதன் முகவரி. பாயின்டரும் மெமரியில் இடம் பிடிக்கிறது, 64 பிட் கணினியில் வழக்கமாக 8 பைட். அதற்குள் இருக்கும் மதிப்பு இன்னொரு இடத்தின் எண்.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் * குறி இரண்டு வேலை செய்வது. அறிவிக்கும்போது "இது ஒரு பாயின்டர்" என்கிறது. மற்ற இடங்களில் "இந்த முகவரிக்குப் போய் அங்கே இருப்பதை எடு" என்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வையுங்கள்.

பிறகு பேப்பரை எடுங்கள். இதற்குக் குறுக்குவழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு எண்களை இடம் மாற்றும் ஸ்வாப் ஃபங்ஷனை எழுதுங்கள். மெயினில் உள்ள ஏ, பி இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டம். மேலே 1000, 1004 என்று கற்பனை முகவரி. ஸ்வாப்புக்குள் வரும் இரண்டு பாயின்டர்களுக்கும் தனிக் கட்டம். உள்ளே 1000, 1004 என்று எழுதுங்கள். இனி நிரலை வரி வரியாக நீங்களே ஓட்டி, மாறும் மதிப்பை அடித்துத் திருத்துங்கள். அதையே பாயின்டர் இல்லாமல் வெறும் இன்ட் வாங்கும் ஸ்வாப்பாக எழுதி, அதற்கும் படம் போடுங்கள். நகல்கள் இடம் மாறுவதும் மெயினில் உள்ளவை அசையாமல் இருப்பதும் கண்ணெதிரே தெரியும். மதிப்பே கொடுக்காத பாயின்டரில் * போடுவது எவ்வளவு ஆபத்து என்பதும் அந்தப் படத்திலேயே விளங்கும்: கட்டத்துக்குள் எந்த எண் இருக்கிறது என்று தெரியாமலே அங்கே போகச் சொல்கிறீர்கள்.

இரண்டு ஸ்ட்ரிங்கும் ஒன்றுதான், == போட்டால் இல்லை என்கிறது. தமிழில் எழுதினால் நீளமும் தப்பாக வருகிறது.

ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் அரேதான்; அரேயின் பெயர் முகவரியாக மாறும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் == இரண்டு முகவரிகளை ஒப்பிடுகிறது, எழுத்துகளை அல்ல. எழுத்துகளை ஒப்பிட ஸ்டிரிங்-கம்ப்பேர் ஃபங்ஷனான எஸ்டிஆர்சிஎம்பி இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அது 0 தரும். உண்மை என்று நினைத்து நேராக இஃப்-க்குள் போட்டுவிடாதீர்கள்.

நீளம் தப்பில்லை, நீங்கள் கேட்டது வேறு, அது எண்ணியது வேறு. எஸ்டிஆர்லென் எண்ணுவது பைட்களை. "தமிழ்" என்ற சொல் யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆகவே விடை 15. முடிவில் வரும் பூஜ்ய பைட்டையும் சேர்த்து அரேயில் 16 இடமாவது வேண்டும்.

சாதாரண அரே இருக்க மாலோக் எதற்கு? ஃப்ரீ செய்யாவிட்டால் என்ன ஆகும்?

மாலோக் என்பது நிரல் ஓடும்போது மெமரியைக் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்; ஃப்ரீ அதைத் திருப்பிக் கொடுப்பது. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் வேரியபிள்கள் வழக்கமாக ஸ்டாக் என்ற பகுதியில் இருக்கும். ஃபங்ஷன் முடிந்ததும் அவற்றின் ஆயுள் முடிந்தது. அதனால் உள்ளே இருக்கும் அரேயின் முகவரியை ரிட்டர்ன் செய்யக் கூடாது. ஸ்டாக் சிறியதும்கூட: லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. 10 லட்சம் இன்ட் கொண்ட அரேயை மெயினுக்குள் வைத்தால் சுமார் 4 எம்பி ஆகும். லினக்ஸில் ஓடிவிடும், விண்டோஸில் விழுந்துவிடும். அளவு பெரிதாக இருந்தாலோ, எவ்வளவு வேண்டும் என்று ஓடும்போதுதான் தெரியும் என்றாலோ, ஃபங்ஷன் முடிந்த பிறகும் தேவைப்பட்டாலோ மாலோக்.

ஃப்ரீ செய்யாவிட்டால் சின்னப் பயிற்சி நிரலில் ஒன்றும் தெரியாது. நிரல் முடிந்ததும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். நாள்கணக்கில் ஓடும் சர்வரில்தான் மெமரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். ஃப்ரீ செய்த பிறகு அதே முகவரியைப் பயன்படுத்துவதும், ஒன்றை இரண்டு முறை ஃப்ரீ செய்வதும் இதைவிட மோசம். அட்ரஸ் சானிடைசர் இவற்றையும் பிடிக்கும்.

ஐ = ஐ++ + ++ஐ, விடை என்ன? தேர்வில் கேட்கிறார்கள்.

விடை கிடையாது. ஒரே கோவைக்குள் ஒரே வேரியபிளை இப்படி வரிசை நிர்ணயிக்காமல் பலமுறை மாற்றினால் என்ன நடக்கும் என்று தரநிலை எதுவும் சொல்லவில்லை. இதை வரையறுக்கப்படாத நடத்தை என்பார்கள். ஒரு கம்பைலர் ஓர் எண்ணும் இன்னொன்று வேறு எண்ணும் தரலாம், இரண்டையும் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்பதே தவறு என்று நினைக்கிறேன். மாணவர்கள் இல்லாத ஒரு விதியைத் தேடி நேரத்தை வீணாக்குகிறார்கள்.

என் கணினியில் சரியாக ஓடுகிறது, வேறு கணினியில் தப்பான விடை. ஆப்டிமைசேஷன் (வேகமாக ஓடும்படி கம்பைலரே நிரலை மாற்றியமைப்பது) போட்டாலும் மாறுகிறது. கம்பைலரில் கோளாறா?

கம்பைலரில் கோளாறு இருப்பது அபூர்வம். முந்தைய பதிலில் சொன்ன வரையறுக்கப்படாத நடத்தை உங்கள் நிரலில் எங்கோ இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது தொடக்க மதிப்பு கொடுக்காத வேரியபிள். கூட்டுத்தொகைக்கு வைத்த வேரியபிளில் 0 போடாமல் விட்டால், அந்த இடத்தில் முன்பு கிடந்த எதுவோ இருக்கும். உங்கள் கணினியில் அது தற்செயலாக 0. அடுத்தது அரே எல்லை. அதற்கடுத்தது இன்ட் தன் எல்லையை மீறுவது: 2147483647-உடன் 1 கூட்டினால் எதிர்மறைக்குச் சுற்றி வரும் என்று நம்பி நிரல் எழுதக் கூடாது. அப்படி நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொண்டு உங்கள் சோதனை வரியையே நீக்கிவிடக் கம்பைலருக்கு உரிமை உண்டு. ஆப்டிமைசேஷன் போட்டதும் விடை மாறுவதற்குப் பெரும்பாலும் இதுபோன்றவையே காரணம்.

சி-யை முழுவதும் முடித்த பிறகுதான் சி++ அல்லது ரஸ்ட் தொடங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. சி++-ல் ஸ்ட்ரிங்கும் வெக்டரும் (அளவு மாறக்கூடிய அரே) மெமரியைத் தாங்களே கவனித்துக்கொள்வதால் மாலோக் தேவைப்படுவது அரிது. நேராக அங்கேயே தொடங்கலாம். 2015-ல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட், ஃப்ரீ செய்த இடத்தைத் தொடுவது போன்ற தவறுகளைக் கம்பைல் செய்யும்போதே தடுத்துவிடுகிறது. அதன் கம்பைலர் ஆரம்பத்தில் உங்களை நிறையத் திருப்பி அனுப்பும், செய்திகள் மட்டும் மிகத் தெளிவாக இருக்கும்.

சி-யில் இருப்பவர்களுக்கு என் யோசனை: பாயின்டர், ஸ்ட்ரிங், மாலோக் மூன்றும் கைவந்து, பல கோப்புகளாகப் பிரித்து ஒரு நடுத்தர நிரலை (முகவரிப் புத்தகம், சின்னக் கால்குலேட்டர் மாதிரி ஏதாவது) எழுதி முடித்ததும் அடுத்த மொழிக்குப் போகலாம். யூனியன், பிட் ஃபீல்டு, ஃபங்ஷன் பாயின்டர் எல்லாம் தேவை வரும்போது திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம்.